வால்போல் ‘முதல் பிரதமர்’ ஆனது எப்போது: 1721-இலா, 1742-இலா?

தாமிரவருணி

போட்டித் தேர்வுக் கையேடு எதைப் புரட்டினாலும் ‘பிரிட்டனின் முதல் பிரதமர் சர் ராபர்ட் வால்போல், 1721’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த வரி என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. 1721 ஏப்ரல் 3 அன்று அவர் ஏற்றவை கருவூலத்தின் முதல் பிரபு (கருவூலக் குழுவின் தலைவர்; பெயரில்தான் பிரபு), நிதியமைச்சர் என்னும் இரு பொறுப்புகள். இரண்டையுமே அவர் 1715 முதல் 1717 வரை வகித்துவிட்டு உதறிவிட்டுப் போனவர்தாம். பிரதமர் என்றொரு பதவி அன்றைய சட்டத்தில் கிடையாது. அந்தச் சொல்லே வசையாக வழங்கியது. அரசரைக் கைக்குள் போட்டுக்கொண்டு மற்ற அமைச்சர்களை ஓரங்கட்டுகிறவர் என்பதுதான் அதன் பொருள். 1741 பிப்ரவரியில் அவரை நீக்கக் கோரும் தீர்மானம் வந்தபோது, தாம் அத்தகைய ஒருவர் அல்லர் என்று அவரே, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் அவையான காமன்ஸ் சபையில் எழுந்து மறுத்தார். பிரபுக்கள் சபையிலோ, அதே தீர்மானத்தில் தோற்றவர்கள், ‘முதல் அமைச்சர்’ என்பவர் பிரித்தானியச் சட்டம் அறியாத ஓர் அலுவலர் என்று தங்கள் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தார்கள்.

என் கட்சி இதுதான்: அவர் பதவியை விட்டு இறங்கிய நாளையே அந்தப் பதவியின் பிறந்தநாளாகக் கொள்ள வேண்டும். 1742 பிப்ரவரியில் அரசர் இரண்டாம் ஜார்ஜுக்கு அவரை விட மனமில்லை. விடைபெற வந்தவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அரசர் அழுதும் அமைச்சர் நிற்க முடியவில்லை, ஏனென்றால் காமன்ஸ் சபையில் எண்ணிக்கை கைவிட்டுப் போயிருந்தது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1676 ஆகஸ்ட் 26 அன்று நார்ஃபோக் பகுதியிலுள்ள ஹௌட்டனில் பிறந்தார். மூத்த மகன் அல்லர் என்பதால் பாதிரியாராக்குவதற்காகவே ஈட்டனிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படிக்க வைத்தார்கள். 1698-இல் எஞ்சியிருந்த அண்ணனும் இறந்துவிட, நிலபுலனைக் கவனிக்கப் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். 1700-இல் மரவணிகர் ஒருவரின் மகளான கேத்தரின் ஷார்ட்டரை மணந்தார். அதே ஆண்டில் தந்தை இறக்க, மறு ஆண்டு தந்தையின் தொகுதியான காசில் ரைசிங்கிலிருந்து காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டு கிங்ஸ் லின் தொகுதிக்கு மாறினார்; இடையில் ஒரு முறை வெளியேற்றப்பட்டது தவிர, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தத் தொகுதியை அவர் விடவில்லை.

அந்த வெளியேற்றம் நடந்தது 1712-இல். போர்த்துறைச் செயலாளராக இருந்தபோது ஸ்காட்லாந்தில் படைக்குதிரைகளுக்குத் தீவனம் வாங்கிய ஒப்பந்தத்தில் ஊழல் செய்தார் என்று எதிரணியான டோரி கட்சியினர் குற்றஞ்சாட்டி, சபையிலிருந்து நீக்கி, லண்டன் கோபுரத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் அடைத்தார்கள். உள்ளே இருந்தவரையே கிங்ஸ் லின் மீண்டும் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வு செல்லாது என்று சபை தள்ளியது. அவருடைய விக் கட்சியின் பெருமக்கள் வரிசையில் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிறை அவரை அரசியலில் பெரியவராக்கிற்று. இது நமக்குப் பழகிய காட்சிதானே.

ஐயவினா

நண்பர் தாமிரவருணி 1720-ஐத் தாண்டிக் குதித்துவிட்டார். வால்போல் உச்சிக்கு வந்ததே, தென்னமெரிக்க வணிகத்துக்கென அமைந்த தென்கடல் நிறுவனத்தின் பங்குகள் வெடித்த புகையில்தான். 1720 ஜனவரியில் ஏறத்தாழ 128 பவுண்டுக்கு விற்ற பங்கு கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டு, ஆண்டு முடிவதற்குள் தொடங்கிய இடத்துக்கே சரிந்தது. அமைச்சர்களும் அரசவை மகளிரும் இலஞ்சமாகப் பங்கு வாங்கியிருந்தார்கள். நிதியமைச்சர் எய்ஸ்லபி கோபுரத்துக்குப் போனார். முன்னணி அமைச்சர் ஸ்டான்ஹோப் மயங்கி விழுந்து மறுநாள் இறந்தார். இன்னோர் அமைச்சரான இளைய கிராக்ஸ் அம்மையில் மாண்டார். களம் இப்படிக் காலியான பிறகே வால்போலுக்கு இடம் கிடைத்தது.

அவர் செய்ததென்ன? அமைச்சர்களில் மிகப்பெரும் புள்ளியான சண்டர்லேண்ட் பிரபுவைக் காப்பாற்றினார். அரசவையின் பெயர் கெடாமல் மூடி மறைத்தார். ‘திரை’ என்று மக்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது சும்மா அல்ல. அவர் முன்கூட்டியே சரிவை உணர்ந்து உச்சத்தில் விற்று இலாபம் பார்த்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது, அதுவும் பொய். பங்கு உச்சத்தில் இருந்தபோது அவர் மேலும் வாங்கத் துடித்தவர். நார்ஃபோக்கிலிருந்து வந்த தபால் தாமதமானதும் அவருடைய வங்கியாளரின் நிதானமும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றின. தற்செயலாகத் தப்பித்தவரைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடினார்கள்.

பிறகு இருபதாண்டுகள் நடந்ததோ வேறு கூத்து. மூத்த மகனுக்குக் கருவூலத் தணிக்கையாளர் பதவி, அடுத்தவருக்கு வேறொன்று, ஈட்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கடைக்குட்டி ஹொரேஸுக்கும் வேலையே இல்லாமல் ஊதியம் வரும் அரசுப் பதவிகள். (இலங்கையின் பழம்பெயரான செரண்டிப்பிலிருந்து ‘செரண்டிபிட்டி’ என்ற சொல்லை 1754-இல் ஆக்கியவர் இந்தக் கடைக்குட்டிதான்.) அவர் விழுந்தபின் அமைந்த விசாரணைக் குழு, பத்தாண்டுகளில் பத்திரிகைகளுக்கும் துண்டறிக்கை எழுத்தாளர்களுக்கும் கருவூலம் 50,000 பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்ததைக் கண்டது. ‘ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு விலை உண்டு’ என்று சொன்னவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

கோட்டைவாசல்

ஐயவினா அவர்களுக்கு ஒரு திருத்தம். வால்போல் அப்படிச் சொல்லவில்லை. எதிர்வரிசையில் தங்களைத் ‘தேசபக்தர்கள்’ என்று அழைத்துக்கொண்டவர்களைச் சுட்டி, ‘இவர்கள் எல்லாருக்கும் ஒரு விலை உண்டு’ என்றுதான் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ‘இவர்கள்’ என்ற ஒரு சொல் உதிர்ந்ததும், எதிரிகளை நோக்கிய ஏளனம் மனித குலத்தின் மேல் சொன்ன தீர்ப்பாக மாறிவிட்டது. நான் பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கிறேன். அந்தத் திரிந்த வடிவம்தான் ஒவ்வொரு விடைத்தாளிலும் வருகிறது.

தாமிரவருணி அவர்களின் வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அதற்குச் சான்றாக அவர் 1742-ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1719-ஐப் பாருங்கள். புதிய பிரபுக்களை உருவாக்கும் அரசரின் உரிமையை ஏறத்தாழ முடக்கிவிடும் ஒரு மசோதாவை ஸ்டான்ஹோப்பும் சண்டர்லேண்டும் கொண்டுவந்தார்கள். வால்போல் அப்போது பதவியில் இல்லை. டிசம்பரில் அவர் எழுந்து பேசியது நேரே நாட்டுப்புற நிலக்கிழார்களின் மனத்தைத் தொட்டது: உங்கள் பேரனாவது ஒருநாள் பிரபு ஆகலாம் என்ற வாயிலை இவர்கள் நிரந்தரமாக அடைக்கிறார்கள் என்பதே பேச்சின் சாரம். மசோதா 269-க்கு 177 என்ற கணக்கில் வீழ்ந்தது. காமன்ஸ் சபையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் அமைச்சரவையையே மண்டியிட வைக்க முடியும் என்பதை அன்றே அவர் கண்டுகொண்டார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பிரபு ஆகாமல் ‘சர்’ என்ற அளவிலேயே நின்றது இதனால்தான். 1726-இல் கார்ட்டர் விருதின் நீலப் பட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்கும் ‘நீலநாடா’ என்று கேலி செய்தார்கள்.

அவையில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதற்கு ஒரு சித்திரம் உண்டு. தடித்த உடம்பு, நார்ஃபோக் பேச்சு வாடை, விவாதம் சூடாக நடக்கும்போது ஊரிலிருந்து வந்த சிறு சிவப்பு ஆப்பிள்களைக் கடித்துக்கொண்டிருப்பார். அரசாங்கக் கடிதங்களுக்கு முன்னால் தம் பண்ணையின் வேட்டைக்காவலர் எழுதிய கடிதத்தைத்தான் பிரிப்பாராம். அந்த அவையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்கள். தங்களில் ஒருவர் என்று அவர்களை நம்பவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

கணக்கன்

நான் கலால் துறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1733-இன் கலால் மசோதாவைப் பற்றி ஒருவரும் பேசாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அன்று புகையிலைக்கும் ஒயினுக்கும் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்தார்கள். அதில் நடந்த திருட்டு எங்கள் தொழிலில் இருந்தவனுக்குச் சிரிப்பை வரவழைக்கும், அவ்வளவு பழகிய திருட்டு. இறக்கும்போது எடையைக் குறைத்துக் காட்டுவார்கள். அதே சரக்கை வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்வதாகச் சொல்லி, எடையைக் கூட்டிக் காட்டிச் சுங்கத்தைத் திரும்பப் பெறுவார்கள். கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் சரக்கு இருட்டில் வேறொரு கரையில் வந்து இறங்கும். வால்போலின் திட்டம் எளியது: சரக்கைப் பிணைக் கிடங்கில் பூட்டி வை, உள்நாட்டில் விற்க வெளியே எடுக்கும்போது மட்டும் கலால் கட்டு, மறு ஏற்றுமதிக்கு வரியே இல்லை. நான் சில காலம் துறைமுகத்தை ஒட்டிய பிணைக் கிடங்கு ஒன்றில் பணியாற்றினேன். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வணிகரிடம், மற்றொன்று எங்களிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்துவிட, பத்து மணி முதல் வாசலில் லாரியோடு காத்திருந்த வணிகர் என் மேலதிகாரியிடம் என்னை என்னவெல்லாம் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. அந்தக் கிடங்கு முறையின் வித்து வால்போலிடம் இருந்தது என்று படித்தபோது எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பற்றே வந்துவிட்டது.

லண்டனோ கொதித்தெழுந்தது. கலால் அலுவலர் கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நுழைந்து சோதிக்கலாம் என்பதை, வீட்டுக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் வருவான் என்று எதிர்க்கட்சி ஊதிவிட்டது. அடிமைத்தனம் வேண்டா, கலால் வேண்டா, மரச்செருப்பு வேண்டா என்று கத்தினார்கள். மரச்செருப்பு பிரெஞ்சு ஏழைகளின் அடையாளம். சபை வாசலில் திரண்ட வணிகர்களை வால்போல் ‘தடிப்பிச்சைக்காரர்கள்’ என்று சொல்லிவிட்டார், வாயால் கெட்டார். மார்ச்சில் 265-க்கு 204 என்று தொடங்கிய பெரும்பான்மை, ஏப்ரலில் லண்டன் நகரத்தின் மனு மீதான வாக்கெடுப்பில் 214-க்கு 197 என்று சுருங்கியது. அவர் தோற்கவில்லை. ஆனாலும் மசோதாவைத் தாமே கைவிட்டார். இழுத்துப் பார்த்துப் பிய்வதற்குள் விடுகிற கை அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடத்தலை ஒழிக்கக் கிளம்பிய இதே மனிதர் இளமையில் கடற்படைத் துறையின் படகிலேயே தம் வீட்டுக்குக் கள்ள ஒயின் கொண்டுவந்தவர். திருடனுக்குத்தான் திருட்டு வழி தெரியும்!

சாந்தோம்

நெடுநாளாக வாசகனாகவே இருந்தேன். இன்று ஒரு சிறு தகவல் தருகிறேன். வால்போலை எதிர்த்த இளைஞர் கூட்டத்தில் முன்னணியில் இருந்தவர், பின்னாளில் தாமே நாட்டை நடத்திய வில்லியம் பிட். அவருடைய பாட்டனார் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை நம் சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கோட்டையில் இருந்தபோது வாங்கிய பெரிய வைரம் ஒன்றை அவர் 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். ஆட்களே குடியிராத ஓல்டு சாரம் என்ற மேட்டுத் தொகுதியும் அவர் சம்பாதித்து வைத்த சொத்துதான். பேரன் 1735-இல் அந்தத் தொகுதியிலிருந்தே காமன்ஸ் சபைக்கு வந்தார். மறு ஆண்டு அவர் ஆற்றிய உரை அரசரைச் சீண்டியதாகக் கருதப்பட, வால்போல் அவருடைய குதிரைப்படைப் பதவியைப் பறித்தார். சென்னையில் சேர்ந்த செல்வம், லண்டனில் வால்போலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1730-இல் கிழக்கிந்திய நிறுவனத்தின் தனியுரிமையை நீட்டித்துக் கொடுத்ததும் வால்போலின் அரசுதான். அதற்காக நிறுவனம் அரசுக்கு 2,00,000 பவுண்டு கொடுத்தது. தான் கொடுத்திருந்த கடனுக்கு வட்டியையும் குறைத்துக்கொண்டது.

ஐயவினா

‘இவர்கள்’ என்ற திருத்தத்தை ஏற்கிறேன், அம்மா. கணக்கன் ஐயாவின் பதிவும் அருமை. ஆனால் இழையின் தலைப்புக்கு வருவோம். சபையே எல்லாம் என்று தாமிரவருணியும் கோட்டைவாசலும் சொல்கிறீர்கள். 1727-ஐ என்ன செய்வீர்கள்?

முதலாம் ஜார்ஜ் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போகும் வழியில் இறந்த செய்தியை வால்போல்தான் ரிச்மண்டுக்கு விரைந்து போய்ப் புதிய அரசரிடம் சொன்னார். தந்தையின் அமைச்சரைப் பிடிக்காத இரண்டாம் ஜார்ஜ், தம் நம்பிக்கைக்குரிய ஸ்பென்சர் காம்ப்டனிடம் போய் உத்தரவு கேட்டுக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பிவிட்டார். அன்று சபையில் வால்போலுக்குப் பெரும்பான்மை இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை. அவரைக் காப்பாற்றியவர் அரசி கரோலின். காம்ப்டனுக்கோ அரசர் படிக்க வேண்டிய அறிவிப்பைக்கூட எழுதத் தெரியாமல், அதை எழுதித் தரும்படி வால்போலையே கேட்டார். அரசருக்கு ஆண்டுக்கு 8,00,000 பவுண்டும், அரசிக்குப் பிற்காலப் பாதுகாப்பாக 1,00,000 பவுண்டும் சபையில் வாங்கித் தருகிறேன் என்று வால்போல் ஏற்றுக்கொண்டதும் காம்ப்டன் கதை முடிந்தது. 1734-இல் போலந்து வாரிசுப் போரில் இங்கிலாந்து இறங்காமல் பார்த்துக்கொண்டபோதும், ‘இந்த ஆண்டு ஐரோப்பாவில் ஐம்பதாயிரம் பேர் மாண்டார்கள், அவர்களில் ஓர் ஆங்கிலேயர்கூட இல்லை’ என்று அவர் பெருமையாகச் சொன்னது அரசியிடம்தான். 1737 நவம்பரில் அரசி இறந்தார். அதன்பின் வால்போலுக்கு இறங்குமுகம். ஆகவே அந்தப்புரத்துக் கதவு திறந்திருக்கும்வரை நின்ற அமைச்சர் அவர் என்பேன்.

தாமிரவருணி

அந்தக் கேள்வி கூர்மையானது, பாதியை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன கதையிலேயே விடை இருக்கிறது. அரசியால் அரசரை இணங்க வைக்க முடிந்தது. 8,00,000 பவுண்டைச் சபையில் வாங்கித்தர அவரால் முடியாது, காம்ப்டனாலும் முடியவில்லை. இரண்டு கதவுக்கும் சாவி வைத்திருந்த ஒரே ஆள் என்பதால்தான் வால்போல் நிலைத்தார். கணக்கன் ஐயாவின் பிணைக் கிடங்கைப் போலத்தான்: இரண்டு பூட்டு, இரண்டு சாவி.

அரசி இறந்தபின் அரசர் அவரைக் கைவிடவில்லை என்பதையும் பாருங்கள். வால்போலைக் கவிழ்த்தது போர். ஸ்பானியக் கடற்காவலர் 1731-இல் ராபர்ட் ஜென்கின்ஸ் என்ற கப்பல் தலைவரின் காதை அறுத்ததாகச் சொல்லப்பட்ட கதை, சில ஆண்டுகள் கழித்து லண்டன் வணிகர்களின் போர்முழக்கமாயிற்று. வால்போல் 1739-இல் ஸ்பெயினுடன் ஓர் உடன்பாடு செய்து பார்த்தார்; எடுபடவில்லை. அக்டோபரில் போர் அறிவிப்பைக் கொண்டாடி மணி அடித்தபோது, இன்று மணியை ஆட்டுகிறவர்கள் நாளை கையைப் பிசைவார்கள் என்றார். முதலில் அமெரிக்கக் கரையின் ஸ்பானியத் துறைமுகமான போர்ட்டோ பெல்லோவில் வெற்றி. பிறகு 1741-இல் அதேபோன்ற கார்ட்டஹேனாவில் பெருந்தோல்வி. தாம் விரும்பாத போரைத் தாமே நடத்தினார், நன்றாகவும் நடத்தவில்லை. என் கணக்கில் அவருடைய பெரும்பிழை அதுதான். 1739-லேயே விலகியிருக்க வேண்டும்.

1741 தேர்தலில் கார்ன்வாலும் ஸ்காட்லாந்தும் கையை விட்டுப் போயின. டிசம்பரில் புதிய சபை கூடியதும், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் குழுவின் தலைவர் பதவியை 242-க்கு 238 என்று எதிர்க்கட்சி பறித்தது. அன்று தேர்தல் வழக்குகளில் நியாயம் பார்ப்பதில்லை, தலையெண்ணிக்கைதான். எனவே அந்த நான்கு வாக்கு வால்போலின் அடிமடியில் விழுந்த ஓட்டை. 1742 ஜனவரி 21 அன்று நடந்த வாக்கெடுப்பு கூத்தின் உச்சம். நடக்க முடியாத நோயாளிகளை இரு தரப்பும் தூக்கிக்கொண்டு வந்தன. வால்போலின் மூத்த மகனுடைய வீட்டிலிருந்து சபைக்குள் ஒரு கதவு உண்டு. ஆளுங்கட்சி நோயாளிகளை அந்த வீட்டில் தயாராக வைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு அந்தக் கதவின் சாவித்துளையில் மண்ணையும் மணலையும் அடைத்துவிட்டது! அப்படியும் 253-க்கு 250 என்று வால்போல் தப்பினார். ஜனவரி 28 அன்று சிப்பன்ஹாம் தேர்தல் வழக்கில் ஒரே வாக்கில் தோற்றார். பிப்ரவரி 2 அன்று அதே வழக்கில் 16 வாக்கில். ஒன்பது நாளில் பதவியைத் துறந்தார். சாவித்துளையில் மண் அடைக்கும் அளவுக்கு அந்த அறை முக்கியமாகிவிட்டது என்பதுதான் என் வாதம்.

கணக்கன்

வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்று பிரதமரின் இல்லமாக இருக்கும் டௌனிங் தெரு வீட்டை அரசர் வால்போலுக்குச் சொந்தமாகவே கொடுக்க முன்வந்தார். கருவூலத்தின் முதல் பிரபுவாக வருகிறவர் எவருக்கும் உரிய வீடாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் அவர் 1735 செப்டம்பரில் குடியேறினார். இன்றும் அந்தக் கதவின் கடிதத் துளையில் ‘கருவூலத்தின் முதல் பிரபு’ என்றுதான் பொறித்திருக்கிறது. ஊழல் என்று ஐயவினா சொன்னது சரியே. பொதுப்பணத்தில் குடும்பத்தை வளர்த்தவர்தாம். ஹௌட்டன் மாளிகையைக் கட்டுவதற்காக ஓர் ஊரையே பெயர்த்துத் தள்ளி வைத்தவரும் அவரே. ஆனால் கையெழுத்துப் போட்டால் தமதாகியிருக்கும் வீட்டைப் பதவிக்கு எழுதிவைத்தார். அந்த மாளிகைக்காக வாங்கிக் குவித்த ஓவியங்களைப் பேரன் 1779-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றுவிட்டார்; அவற்றுள் பல இன்றும் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேண்டாம் என்ற வீடு மட்டும் இடத்தில் நிற்கிறது.

கோட்டைவாசல்

அவருக்குப் பின் கருவூலத்தின் முதல் பிரபுவாக வந்தவர் யார் தெரியுமா? 1727-இல் ஒரு பத்தி எழுத முடியாமல் விழித்த அதே ஸ்பென்சர் காம்ப்டன், அப்போது வில்மிங்டன் பிரபு. பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தபடி ஒப்புக்குப் பதவி வகித்து 1743-இல் இறந்தார். அடுத்து வந்த ஹென்றி பெல்லம் வால்போலின் வளர்ப்பு. காமன்ஸ் சபையை விட்டு நகரவேயில்லை. சாகும்வரை பதவியில் இருந்தார். இதைத் தாமிரவருணி அவர்களின் கணக்கில் சேர்க்கலாம்; இடையில் அரசர் கார்ட்டரெட் பிரபுவைக் கொண்டு ஆள முயன்றதை ஐயவினா அவர்களின் கணக்கில் வரவு வைக்கலாம்.

பதவி விலகியதும் வால்போல் ஆர்ஃபோர்டு பிரபுவானார். அவரைக் கவிழ்ப்பதில் பல ஆண்டுகளைக் கழித்த எதிர்க்கட்சித் தலைவர் புல்ட்னி, தாம் முதல் பிரபு ஆகாமல், அதே ஆண்டு கோடையில் பாத் பிரபுப் பட்டத்தை ஏற்றார். இருவரும் பிரபுக்கள் சபையில் சந்தித்தபோது வால்போல் சொன்னதாக வழங்குவது இது: ‘பிரபுவே, இங்கிலாந்திலேயே நம் இருவரையும்விட ஒன்றுமில்லாத ஆட்கள் இப்போது வேறு யாரும் இல்லை.’